செய்தி நிஜமாக இருக்கலாம், மெயில் போலி

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "விமான விபத்து, பயணி எடுத்த கடைசி வீடியோ" என்ற தலைப்பில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி நிறுவனத்தின் சின்னத்தோடு மெயில் வந்தது. லிங்க்கைத் தொட்டீர்கள். வீடியோ ஓடவில்லை, "உங்கள் பிளேயர் பழையது, அப்டேட் செய்யவும்" என்று ஒரு பெட்டி எழுந்தது. சந்தேகம் வந்து மூடிவிட்டீர்கள். அந்த விபத்து உண்மையிலேயே நடந்திருந்ததால் குழப்பமாக இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆகியிருக்குமா, இனிமேல் இப்படிப்பட்ட மெயிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். பக்கத்தைத் திறந்ததோடு நிறுத்தி, எதையும் இறக்கி ஓட்டவில்லை என்றால், உங்கள் பிரவுசரும் அப்டேட் ஆகியிருந்தால், பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. டவுன்லோட் ஃபோல்டரை ஒருமுறை பாருங்கள். நீங்கள் கேட்காத கோப்பு ஏதாவது அங்கே வந்து உட்கார்ந்திருந்தால், திறந்து பார்க்காமல் அழித்துவிடுங்கள். பிரவுசரையும் இயங்குதளத்தையும் அவற்றின் செட்டிங்ஸ் வழியாகப் போய் அப்டேட் செய்யுங்கள். ஆன்டிவைரஸில் முழு ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். அந்தப் பெட்டி சொன்னபடி எதையாவது இன்ஸ்டால் செய்திருந்தால் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அலுவலக மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடங்களாக என் வேலை. இந்த மாதிரி மெயிலில் சிக்கிய யாரிடம் பேசினாலும் "ஆனா சார், அந்தச் செய்தி உண்மைதானே" என்ற வாக்கியம் வந்துவிடும். சிக்கல் அந்த இடத்தில்தான் இருக்கிறது. மெயிலைப் பார்த்ததும் நாம் "இந்தச் செய்தி நிஜமா" என்று யோசிக்கிறோம், நிஜம் என்று தெரிந்ததும் மெயிலையும் நம்பிவிடுகிறோம். செய்தி நிஜமா என்பது ஒரு கேள்வி, இந்த மெயில் யார் அனுப்பியது என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

2007 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். கிரில் என்று பெயரிடப்பட்ட பெரும் புயல் ஐரோப்பாவைப் புரட்டிப் போட்ட அதே நாட்களில், "ஐரோப்பாவில் புயல், 230 பேர் பலி" என்ற தலைப்போடு உலகம் முழுக்க மெயில்கள் பறந்தன. புயல் நிஜம். உயிர்கள் போனதும் நிஜம், ஆனால் இறந்தவர்கள் ஐம்பதுக்குள்தான். மெயிலோடு ஒரு கோப்பு ஒட்டியிருந்தது. "ஃபுல் ஸ்டோரி", "ரீட் மோர்", "வீடியோ", "ஃபுல் கிளிப்" என்று விதவிதமான பெயர்கள், எல்லாவற்றின் கடைசியிலும் டாட் எக்ஸ்இ. செய்தி படிக்கப் போனவர்கள் ஒரு புரோகிராமை ஓட்டினார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் அவர்களுக்கே தெரியாமல் ஒரு பெரிய வலையில் சேர்ந்து, மற்றவர்களுக்கு அதே மாதிரி மெயில்களை அனுப்பத் தொடங்கின. அந்தப் புயல் தலைப்பால்தான் அதற்கு ஸ்டார்ம் வேர்ம் என்றே பெயர் வந்தது.

அடுத்த வருடம் ஆகஸ்டில் சிஎன்என் பெயரில் "இன்றைய டாப் 10" என்று ஒரு மெயில் வந்தது. நிஜமான சிஎன்என் மெயில் எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே, வரிசையாகச் செய்திகள், வரிசையாக வீடியோக்கள். எதைத் தொட்டாலும் ஒரு போலி வீடியோ பக்கம், அங்கே "ஃபிளாஷ் பிளேயரை (அந்தக் காலத்தில் பிரவுசரில் வீடியோ ஓட்டிய மென்பொருள்) அப்டேட் செய்யவும்". உங்களுக்கு வந்த அதே பெட்டி! சிஎன்என் பெயர் எல்லோருக்கும் தெரிந்துபோனதும், சில நாட்களிலேயே அதே மெயில் எம்எஸ்என்பிசி என்ற இன்னொரு செய்தி சேனலின் பெயரைப் போட்டுக்கொண்டு "பிரேக்கிங் நியூஸ்" என்று திரும்பி வந்தது.

என் மனதை இன்றுவரை உறுத்துவது 2013 ஏப்ரலில் நடந்தது. 15-ஆம் தேதி பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. ஒன்றிரண்டு நாட்களுக்குள் "பாஸ்டன் மாரத்தானில் வெடிவிபத்து" என்ற தலைப்பில் மெயில்கள் கிளம்பிவிட்டன. உள்ளே ஒரே ஒரு லிங்க், அதுவும் பெயரில்லாமல் வெறும் எண்களால் ஆன முகவரி. திறந்தால் யூடியூபில் இருந்த நிஜமான காட்சிகள் வரிசையாக ஓடும். பார்ப்பவருக்கு ஒரு சந்தேகமும் வராது, கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதே பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டகத்துக்குள் வேறொரு பக்கம் திறந்து, கம்ப்யூட்டரில் அப்டேட் ஆகாமல் கிடந்த மென்பொருள்களின் ஓட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தது. 17-ஆம் தேதி டெக்சாஸில் உரக் கிடங்கு ஒன்று வெடித்தது. உடனே அதே கும்பல் தலைப்பை மட்டும் டெக்சாஸுக்கு மாற்றி அனுப்பியது. ஊரே அழுதுகொண்டிருந்தபோது, இவர்கள் தலைப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் செய்தியைப் பிடித்துக்கொள்கிறார்கள்? வங்கியின் பெயரில் மெயில் வந்தால் இன்று பலரும் உஷாராகிவிடுகிறார்கள். பணம், பாஸ்வேர்டு என்று கேட்டதும் மனதில் ஒரு மணி அடிக்கிறது. செய்தி மெயிலோ நம்மிடம் எதையும் கேட்பதில்லை, கொடுப்பதுபோல வருகிறது. நமக்கு வேண்டியவர்கள் அந்த ஊரில் இருந்தால் கை தானாகவே போய்த் தொடும். ஏமாந்தவரை முட்டாள் என்று பேசுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பதற்றத்தில் இருக்கும் மனிதனைத் தேடித்தான் இந்த மெயிலே எழுதப்படுகிறது.

சரி, உங்களுக்கு வந்த மெயிலையே கையில் எடுத்துக்கொள்வோம்.

அனுப்பியவர் என்ற இடத்தில் செய்தி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். தபாலில் வரும் கவரின் பின்பக்கத்தில் அனுப்புநர் என்று யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்கமாட்டார் இல்லையா, அதுபோலத்தான். மெயில் போகும் வழிமுறை 1982-இல் எழுதப்பட்டது. ஒருவரை ஒருவர் அறிந்த சிறு கூட்டம் அப்போது அதைப் பயன்படுத்தியது, அனுப்புபவர் சொல்வது உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடே அதில் வைக்கவில்லை. பிற்பாடு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சோதனைகளை மேலே ஒட்டவைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் அசல் முகவரியை அப்படியே போலி செய்து அனுப்புவதை, அந்த நிறுவனம் இவற்றை ஒழுங்காக அமைத்திருந்தால், இவை தடுக்கின்றன. ஆனால் அசல் பெயரோடு ஒரு கோடோ, ஓர் எழுத்தோ சேர்த்துப் புது முகவரி வாங்கி அனுப்பினால் மூன்று சோதனைகளிலும் மெயில் நன்றாகத் தேறிவிடும். முகவரி அவனுடையது, அவன்தான் அனுப்பினான், சோதனை சரிதானே!

அதனால் பெயரைத் தொட்டு, பின்னால் இருக்கும் முழு முகவரியையும் பாருங்கள். போனில் மெயில் பார்ப்பவர்கள் இதை அவசியம் பழகிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான போன் செயலிகள் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுகின்றன. செய்தி நிறுவனத்தின் பெயர் மேலே, அடியில் ஒரு தச்சுப்பட்டறையின் மெயில் முகவரி என்று வந்தால், பெரும்பாலும் அந்தப் பட்டறைக்காரரின் கணக்கை யாரோ திருடி அதிலிருந்து அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். இப்படி நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது லிங்க். கம்ப்யூட்டரில் மவுஸை அதன் மேல் வைத்தால், போனில் விரலை அழுத்திப் பிடித்தால், உண்மையில் எங்கே போகிறது என்று தெரியும். முகவரியைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. "எச்டிடிபிஎஸ்" என்பதற்குப் பின்னால் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வாருங்கள். முதலில் டாட் காம், டாட் நெட் போன்ற வால், அதற்கு முன்னால் இருக்கும் சொல்தான் உரிமையாளர். "பெரியசெய்தி டாட் காம் டாட் நேரடிவீடியோ டாட் நெட்" என்று ஒரு முகவரி இருந்தால் அதன் உரிமையாளர் "நேரடிவீடியோ". "பெரியசெய்தி" என்பது அவர் தன் வீட்டுத் திண்ணையில் மாட்டிவைத்த பலகை. நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், தெரிந்த பெயர் முதலிலேயே கண்ணில் படுகிறது, மீதியைப் படிப்பதில்லை. நாட்டுக் குறியீடு இருந்தால் வால் இரண்டு துண்டாக இருக்கும், "கோ டாட் இன்" என்பதுபோல. அப்போது அதற்கு முன்னால் உள்ள சொல்லைப் பார்க்க வேண்டும்.

பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான் அந்தப் பூட்டு சொல்கிறது. எதிரில் இருப்பவன் நல்லவனா என்று அதற்குத் தெரியாது, திருடனும் இலவசமாகவே அந்தப் பூட்டை வாங்கி மாட்டிக்கொள்கிறான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இப்படி முகவரியைப் படித்துக் கண்டுபிடிப்பது பயனுள்ள பழக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். சுருக்கிய லிங்க்குகளில் ஒன்றுமே தெரியாது. ரஷ்ய எழுத்துகளில் சில, ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும், கண்ணால் பிரிக்கவே முடியாது. பெரிய நிறுவனங்களின் கோப்புப் பகிர்வுச் சேவைகளிலேயே வைரஸை ஏற்றிவைத்து, அந்த நல்ல முகவரியையே அனுப்புவதும் நடக்கிறது. ஒவ்வொரு மெயிலோடும் துப்பறியும் போட்டி போட்டால், என்றாவது ஒருநாள் களைப்பில் நாம்தான் தோற்போம்.

நான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பது அதைவிடச் சுலபம். செய்தித் தலைப்போடு மெயில் வந்தால், தலைப்பைப் படியுங்கள், மெயிலை மூடுங்கள், நீங்கள் எப்போதும் பார்க்கும் செய்தித்தளத்தை உங்கள் கையாலேயே திறந்து அங்கே தேடுங்கள். நடந்தது பெரிய விஷயம் என்றால் அங்கே இருந்தே தீரும். அந்த மெயிலில் மட்டும் கிடைக்கும் வீடியோ என்று உலகத்தில் ஒன்று கிடையாது. நீங்களே பதிவு செய்து வாங்கும் செய்தி மடல்களுக்குக்கூட இதையே செய்யலாம், அரை நிமிடம்தான் அதிகம் ஆகும்.

அப்புறம், இணைப்பாக வரும் கோப்புகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

செய்தி என்பது படிப்பதற்கும் பார்ப்பதற்கும் உரியது. அதற்காக எதையும் உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டவேண்டிய அவசியமே இல்லை. எந்தச் செய்தி நிறுவனமும் பொதுமக்களுக்குச் செய்தியை ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புவதில்லை. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால், மற்ற நுணுக்கங்கள் தெரியாவிட்டாலும் பாதி ஆபத்து போய்விடும்.

கோப்பின் உண்மையான வகையைச் சொல்வது அதன் பெயரின் கடைசித் துண்டு. விண்டோஸ் அந்தக் கடைசித் துண்டை வழக்கமாக மறைத்துவைக்கும். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் "ஐ லவ் யூ" என்ற தலைப்போடு உலகத்தைச் சுற்றிய வைரஸ் இந்த மறைப்பில்தான் ஒளிந்து வந்தது. கோப்பின் பெயர் டாட் டிஎக்ஸ்டி என்று தெரியும், சாதாரண எழுத்துக் கோப்பு என்று திறப்பார்கள், அதற்குப் பின்னால் டாட் விபிஎஸ் என்று ஒன்று மறைந்திருந்தது. அதுதான் புரோகிராம். அடுத்த வருடம் ஒரு டென்னிஸ் வீராங்கனையின் படம் என்று வந்ததும் இதே வழியில்தான். இருபத்தைந்து வருடமாகிறது, இன்னும் பல கம்ப்யூட்டர்களில் அந்த மறைப்பு அப்படியே இருக்கிறது. இன்றே ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ என்ற இடத்தில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்துவிடுங்கள். எழுத்துகளை வலமிருந்து இடமாகத் திருப்பிக் காட்டும் ஒரு மறைக்குறியைப் பெயருக்குள் நுழைத்து, எக்ஸ்இ கோப்பை பிடிஎஃப் போலத் தெரியவைக்கும் தந்திரமும் உண்டு. அதனால் கண்ணுக்குப் பெயர் சரியாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் திறக்காதீர்கள்.

ஜிப் கோப்பு ஒன்று, அதைத் திறக்கப் பாஸ்வேர்டு, அந்தப் பாஸ்வேர்டும் அதே மெயிலில் எழுதியிருக்கிறது. பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கிறார்கள் என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள், சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டு யாருக்காகப் பூட்டுகிறார்கள்? மெயில் சர்வரில் இருக்கும் வைரஸ் ஸ்கேனருக்காகத்தான். அந்த ஸ்கேனரால் உள்ளே பார்க்க முடியாது, மனிதரால் முடியும். என் சர்வரில் இப்படி வரும் எதையும் நான் நேரே உள்ளே விடுவதில்லை. சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

வேர்டு, எக்செல் கோப்புகள் நீண்ட காலம் பெரிய தொல்லையாக இருந்தன. கோப்பைத் திறந்தால் மங்கலாக ஒரு பக்கம் தெரியும், மேலே "முழுமையாகப் பார்க்க எனேபிள் கன்டென்ட் அழுத்தவும்" என்று எழுதியிருக்கும். அழுத்தினால் உள்ளே இருக்கும் மேக்ரோ, அதாவது கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிறு புரோகிராம், ஓடும். 2020 ஜனவரியில், கொரோனா பற்றிப் பலரும் முதன்முதலாகக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தபோதே, எமோடெட் என்ற வைரஸ் கும்பல் ஜப்பானில் சுகாதார அறிவிப்பு போன்ற மெயில்களை வேர்டு கோப்போடு அனுப்பத் தொடங்கிவிட்டது. அந்த மார்ச்சில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கொரோனா வரைபடத்தை அப்படியே காப்பியடித்து, உள்ளே பாஸ்வேர்டு திருடும் புரோகிராமை வைத்துப் பரப்பினார்கள். ஏப்ரலில் கூகுள் சொன்ன கணக்குப்படி, ஜிமெயிலில் கொரோனா பெயரில் வந்த வைரஸ் மெயில்களும் மோசடி மெயில்களும் மட்டுமே ஒரு நாளைக்கு 1 கோடியே 80 லட்சம். இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோ ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2022-இல் தானாகவே தடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் கும்பல்கள் உடனே ஐஎஸ்ஓ கோப்புக்கும், ஷார்ட்கட் கோப்புக்கும், 2023 தொடக்கத்தில் ஒன்நோட் கோப்புக்கும் மாறிவிட்டன. எச்டிஎம்எல் கோப்பை இணைத்து அனுப்புவதும் இப்போது சகஜம். கோப்பு வகைகளின் பட்டியலை மனப்பாடம் செய்து மாளாது. கேட்காமல் வந்த செய்தி மெயிலில் கோப்பு இருந்தால் திறக்க வேண்டாம், அவ்வளவுதான்.

உங்களுக்கு வந்த "பிளேயர் அப்டேட்" பெட்டிக்கு வருகிறேன். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுத்திவிட்டது. இன்று வீடியோ பார்க்கப் பிரவுசரே போதும். ஒரு பக்கம் பிளேயர், கோடெக், ஃபான்ட், பிரவுசர் அப்டேட் என்று எதைச் சொல்லி எதை இறக்கச் சொன்னாலும் அது பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசருக்கு அப்டேட் தேவைப்பட்டால் அது பிரவுசரின் மெனுவிலேயே தெரியும், நடுவில் ஒரு செய்திப் பக்கம் வந்து சொல்லாது.

2024-இலிருந்து இன்னொரு வகை வேகமாகப் பரவுகிறது, இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். பக்கத்தைத் திறந்தால் "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதி செய்யவும்" என்று வழக்கமான பெட்டி வரும். அதைத் தொட்டதும் மூன்று படிகள் சொல்லும்: விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தவும், பிறகு கன்ட்ரோலும் வி-யும், பிறகு என்டர். நீங்கள் பெட்டியைத் தொட்ட அந்த நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது போய் உட்காரும் இடத்தில், ரகசியமாக வைத்துவிட்டது. விண்டோஸ்-ஆர் என்பது கம்ப்யூட்டருக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் ஜன்னலைத் திறக்கும், கன்ட்ரோல்-வி அந்தக் கட்டளையை ஒட்டும், என்டர் அதை ஓட்டும். கோப்பு எதையும் நீங்கள் இறக்கவில்லை, உங்கள் கையாலேயே வைரஸை வரவழைத்துவிட்டீர்கள். மெதுவாகப் படித்தால் விளங்கும். அவசரத்தில் இருப்பவர் மூன்று கீதானே என்று அழுத்திவிடுவார். எந்த உண்மையான ரோபோ சோதனையும் உங்களைக் கீபோர்டில் இப்படி எதையும் செய்யச் சொல்லாது.

செய்தி மெயில் என்றால் விபத்தும் போரும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விமான நிலையங்கள்கூடத் திணறின. அன்று உலகத்தின் முதல் செய்தியே அதுதான். அடுத்த சில நாட்களுக்குள் "சரிசெய்யும் கோப்பு" என்று ஜிப் கோப்புகளும், மீட்பு வழிகாட்டி என்று வேர்டு கோப்பும் கிளம்பிவிட்டன. இரண்டிலும் வைரஸ். அன்றைக்குத் தூங்காமல் உழைத்துக்கொண்டிருந்த என்னைப் போன்ற தொழில்நுட்ப ஆட்களைக் குறிவைத்து வந்தவை அவை. விஷயம் தெரிந்தவர்களும் சிக்குவார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தெரிந்தவர்களிடமிருந்து வந்தால் நம்பலாமா என்றும் கேட்பீர்கள். எமோடெட் அதையும் கெடுத்துவிட்டது. ஒருவருடைய கம்ப்யூட்டரில் புகுந்தால், அவருடைய பழைய மெயில் உரையாடல்களைத் திருடி, அதே உரையாடலுக்குப் பதில் போல வைரஸை அனுப்பும். உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் இடையில் போன வாரம் நடந்த பேச்சின் தொடர்ச்சியாகவே அது வரும். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து எமோடெட்டின் சர்வர்களைக் கைப்பற்றின, ஆனாலும் அந்த வருடக் கடைசியில் அது திரும்பி வந்தது. அந்த உத்தியை மற்ற கும்பல்களும் கற்றுக்கொண்டுவிட்டன. நண்பரிடமிருந்து எதிர்பாராத கோப்பு வந்தால் ஒரு போன் போட்டு "நீதான் அனுப்பினாயா" என்று கேட்டுவிடுங்கள். அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேட்காதீர்கள், பதில் போவது திருடனுக்காக இருக்கலாம்.

முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்டேட்டுகளைத் தானாக நடக்கும்படி வையுங்கள், பாஸ்டன் மெயில் வீழ்த்தியது பழைய மென்பொருள் வைத்திருந்தவர்களைத்தான். கம்ப்யூட்டரில் அன்றாடம் பயன்படுத்தும் கணக்கு, எதையும் இன்ஸ்டால் செய்யும் முழு அதிகாரம் கொண்ட அட்மின் கணக்காக இருக்க வேண்டாம். மெயிலில் படங்கள் தானாகத் திறப்பதை நிறுத்துங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தின் வழியாக நீங்கள் மெயிலைத் திறந்த நேரம்கூட அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். முக்கியமான கோப்புகளுக்கு வெளி டிஸ்க்கில் ஒரு பேக்கப் எடுத்து, எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இனி, ஏதாவது ஓட்டிவிட்டவர்களுக்கு. முதல் வேலை, வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பாஸ்வேர்டையும் அடிக்காதீர்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற பெரும்பாலான கணக்குகளின் பாஸ்வேர்டையும் மெயில் வழியாகவே மாற்றிவிட முடியும். அடுத்து வங்கி. பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாமல், "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்று செட்டிங்ஸில் இருப்பதையும் அழுத்துங்கள். இப்போது வரும் திருட்டுப் புரோகிராம்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு, நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் குக்கீகளையும் எடுத்துப் போகின்றன. அந்தக் குக்கீ திருடன் கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஓடியது உறுதி என்றால், ஸ்கேன் செய்து "சுத்தம்" என்று வந்தாலும் நான் நம்பமாட்டேன். கோப்புகளை எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன்.

அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் உடனே சொல்லுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மா, தன் மகன் இருந்த நாட்டில் நிலநடுக்கம் என்று வந்த மெயிலில் "பாதிக்கப்பட்டோர் பட்டியல்" என்ற ஜிப் கோப்பைத் திறந்துவிட்டார். உள்ளே பட்டியல் இல்லை, கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைந்தது. அவர் ஐந்தே நிமிடத்தில் என் மேஜைக்கு வந்து, கண்ணில் நீரோடு, "தம்பி, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்" என்றார். ஓடிப்போய் கேபிளைப் பிடுங்கினோம். அந்த ஒரு கம்ப்யூட்டரோடு முடிந்தது. இன்னோர் இடத்தில், திட்டு விழும் என்று பயந்து ஓர் இளைஞர் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாலாவது நாள் பொதுக் கோப்புகள் எல்லாமே பூட்டிக்கிடந்தன. அந்தப் பையன் பயப்படும்படி அந்த இடத்தை வைத்திருந்தது எங்கள் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு, தானாக வந்து சொல்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்பதை நான் போகும் இடத்திலெல்லாம் முதல் நாளே மேலதிகாரிகளிடம் பேசி வாங்கிவிடுகிறேன்.

கடைசியாக, அந்த விமான விபத்து மெயில் இன்னும் உங்கள் இன்பாக்ஸில் இருந்தால், "ஸ்பேம்" என்று குறித்துவிட்டு அழித்துவிடுங்கள். நண்பர்களை எச்சரிக்கிறேன் என்று அதை அப்படியே ஃபார்வர்டு செய்யாதீர்கள், உங்கள் பெயரில் போவதால் அவர்கள் நம்பித் திறந்துவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் போதும். டவுன்லோட் ஃபோல்டரில் ஏதாவது இருந்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கோப்பின் பெயரையும் நேரத்தையும் குறிப்பிட்டால் போதும், கோப்பை எனக்கு அனுப்ப வேண்டாம்.